பீரங்கிக்காரர் வைத்த சூப்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அந்தப் பெண்மணியிடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் ரொம்பக் குறைவு. ஒருமுறை பஸ் ஓட்டுநர் ஒருவர் வந்தார். பார்வை மங்கியது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில், எழுத்துப் பலகைக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறை வருவதற்குள் பலகை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்ததும் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தார். "பிரமாதம். இப்ப அந்தக் கடைசி வரியைப் பின்னாலேர்ந்து படிங்க" என்றாள் அவள். ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். அவள் சிரிக்கவும் இல்லை, கடை முழுக்கத் தண்டோரா போடவும் இல்லை. சரியான கண்ணாடியை மாட்டி அனுப்பிவைத்தாள். அவர் இன்னமும் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"தெரியுதா?" என்று அவள் யாரையும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் மரியாதைக்காவது "தெரியுது" என்றுதான் சொல்வார்கள். "என்ன தெரியுது?" என்பாள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டாள். வீட்டிலும் இதே பழக்கம்தான். அதனால் சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கண்ணாடிக்காரி. அதில் பாதி கேலி, பாதி பயம்.

அவளுடைய அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன்னைப் பெற்ற தகப்பனை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பெரிய போர் நடந்த காலத்தில் கடற்படையில் இருந்த அந்த மனிதர், லீவு முடிந்து கப்பலேறியபோது இவர் தாய் வயிற்றில் இருந்தார். போனவர் திரும்பவில்லை. செத்தார் என்ற செய்தியும் வரவில்லை. குண்டு விழுந்து தெருவே தரைமட்டமானதில் குடும்பம் வேறு பக்கம் குடிபோயிருந்தது. அந்த விலாசத்துக்கு வந்த தபால் எந்த இடிபாட்டில் கிடந்ததோ, யார் கண்டது?

போர் முடிந்ததும் மனைவி கடற்படை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். "பீரங்கிப் பிரிவுல அந்தப் பேர்ல யாருமே இல்லையேம்மா" என்று கையை விரித்துவிட்டார்கள். போதாக்குறைக்குப் பழைய தெருக்காரன் ஒருவன், அவரைத் தூர தேசத்துத் துறைமுகத்தில் வேறொரு பெண்ணோடு பார்த்ததாகக் கதை கட்டினான். ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. ஓடிப்போனவன் என்று முத்திரை குத்தியாயிற்று. பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பார்த்து, "உங்கப்பன் எந்த ஊர்ல யாரோட குடித்தனம் பண்றானோ" என்று கேட்ட ஒருவனுக்கு முன்பல் போயிற்று. அதன்பிறகு நேரில் யாரும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களின் பல்லை எப்படி உடைப்பது?

அப்பாவுக்கு லேசாக மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு மத்தியானம், ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்த மகளிடம் அவராகவே சொன்னார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். நான் ஓடிப்போனவன் மகனா, செத்துப்போனவன் மகனா?"

"ரெண்டுல எதுவா இருந்தாலும் பரவாயில்லையாப்பா?"

அப்பா சீலிங் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா தெரியணும்."

அன்று பிடித்ததுதான். ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி அவளுக்கு. கடை விடுமுறை நாளெல்லாம் ஆவணக் காப்பகத்திலும் நூலகத்திலும் கழிந்தது. கடற்படைக் கப்பல்களின் ஜாதகமே அவள் விரல்நுனிக்கு வந்துவிட்டது; ஆற்றைக் கடக்கும் படகில் ஏறினாலே குமட்டிக்கொண்டு வாந்தியெடுக்கிற பெண் அவள். "தாத்தாவைத் தேடற நேரத்துல என்னோட நீலச் சட்டையையும் கொஞ்சம் தேடிக் கொடு" என்பார் கணவர். சொல்லிவிட்டு அவரே பையைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குக் கூட வருவார். நல்ல மனுஷன்.

முதலில் அந்தத் துறைமுகக் கதையை ஒரு கை பார்த்தாள். கதை கட்டியவன் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருந்தான். அவன் மகளை எப்படியோ தேடிப் பிடித்தாள். "உங்கப்பா என்ன பார்த்ததா சொல்லுவார்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தம்மா யோசித்து யோசித்துச் சொன்னது இதுதான்: கூட்டத்தில் ஒரு ஆள் போனானாம், தோள் அகலம் அவரைப்போலவே இருந்ததாம், கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கவில்லையாம். ஆக, பார்த்தது ஒரு முதுகு. முன்பின் தெரியாத ஒரு முதுகை வைத்து ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கியிருக்கிறான் பாவி. வீடு வந்து சேரும்வரை அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை.

முதுகு பொய் என்பதால் மரணம் மெய் என்று ஆகிவிடாதே. காப்பகத்தில் ஆளைத் தேட, எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்று சொல்ல வேண்டும். பீரங்கிப் பிரிவு என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். அப்படி யாரும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. தாத்தா பீரங்கிக்காரர் என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. பெண் கேட்டு வந்தபோது அவரே மார்தட்டிச் சொன்னது அது. ஓடிப்போனவர் என்று திட்டுகிறவர்கள்கூட ஓடிப்போன பீரங்கிக்காரர் என்றுதான் திட்டுவார்கள்.

விஷயம் உடைந்தது அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. தாத்தா கடைசி லீவில் வந்தபோது அவளுக்கு விவரம் தெரிகிற வயது. குடும்பம் கூடினால் அத்தை ஒரு கதை சொல்லியே தீருவாள். தாத்தா வீட்டுக்கு வந்தால் அடுப்படிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாராம். அந்த லீவில் பாட்டிக்கு மசக்கை முற்றி எழுந்து நிற்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் தாத்தாவே சூப் வைத்தார். இரண்டரை ஆளுக்கு வைக்கச் சொன்னால், இரவல் வாங்கிய அண்டா நிறைய வைத்துவிட்டார். தெருவே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. "பீரங்கி பிடிக்கிறவன்கிட்ட கரண்டியைக் கொடுத்தா இப்படித்தான்!" என்று அத்தை முடிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். காலம் காலமாக அதே இடத்தில் அதே சிரிப்பு.

கண்ணாடிக்காரியும் சிரித்துச் சிரித்துப் பழகியவள்தான். அன்றைக்கு என்னவோ, சிரிப்பு பாதியில் நின்றது.

"அத்தை, அந்த சூப் எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"ருசி."

இந்தக் கேள்வியை அத்தையிடம் யாரும் கேட்டதில்லை. "அதையேண்டி கேக்கற," என்றாள் கடைசியில், குரலே மாறி. "அந்த மாதிரி ஒண்ணை நான் அப்புறம் வாயில வெச்சதே இல்லை. ஒரு சொட்டு மிஞ்சலை. பக்கத்து வீட்டம்மா பாத்திரத்தை வழிச்சுக் குடிச்சா."

"அவ்வளவு காயை எவ்வளவு நேரமா நறுக்கினார்?"

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள. டக்கு டக்குன்னு சத்தம்தான் கேட்டுது. நான் வேடிக்கை பார்த்துக்கிட்டே நின்னேன்."

சமைக்கத் தெரியாதவன் அதிகமாக வைப்பான். குழைப்பான், தீய்ப்பான், உப்பை அள்ளிப்போடுவான். ஒரு கப்பலுக்கே சமைத்துப் பழகிய கைக்குத்தான் அண்டா சூப்பும் அமிர்தமாக வரும், இரண்டு பேருக்கு வைக்க வராது. லீவில் அடுப்பைக் கண்டால் ஏன் ஓடினார் என்பதற்கும் இனி விளக்கம் வேண்டுமா? கப்பலில் சோறாக்குகிறவனுக்குப் பெண் கொடுக்க அந்தக் காலத்து மாமனார் எவரும் வரிசையில் நிற்கவில்லை. ஆசைப்பட்ட பெண்ணைக் கட்டிக்கொள்ள மனிதர் வாய்கூசாமல் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டு மொத்தக் குடும்பமும் அவரைத் தப்பான இடத்தில் தேடியிருக்கிறது.

சமையல் பிரிவு என்று சொன்னதும் காப்பகத்திலிருந்து சீக்கிரமே பதில் வந்துவிட்டது. கப்பல் மூழ்கியபோது இறந்தவர்களில் அவரும் ஒருவர். பதிலை அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் படித்தார், மடித்தார், மேஜைமேல் வைத்தார்.

"அன்னிக்கு இல்லைன்னு சொன்னதும் காகிதம்தான்," என்றார். "இதை எப்படி நம்பறது? பார்த்த மனுஷன் யாராவது சொல்லணும்."

வேறு யாராக இருந்தாலும், உனக்காக நாயாய் அலைந்தேனே, இன்னும் என்ன வேண்டும் என்று கோபித்திருப்பார்கள். அவள் கோபிக்கவில்லை. அப்பா கேட்பதில் நியாயம் இருந்தது. முன்னாள் கடற்படையினர் சங்கத்தில் விசாரித்து, அந்தக் கப்பலில் உயிர் தப்பியவர்களில் இன்னும் மிச்சம் இருந்த ஒருவரைக் கண்டுபிடித்தாள். தொண்ணூறு தாண்டிய கிழவர். அவர்தான் நிஜமான பீரங்கிக்காரர்.

அப்பாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு போனாள். மகள் வீட்டு மாடியறையில், ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார் கிழவர். காது மந்தம், ஞாபகம் கெட்டி. அத்தை கொண்டுவந்த புகைப்படத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.

"நம்ம சமையக்காரன்!" என்றார்.

அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார்; கண்ணாடிக்காரி அவர் முழங்கையை மெதுவாகத் தொட்டாள். "அன்னிக்கு என்ன பார்த்தீங்க ஐயா?" என்று கிழவரின் காதருகே கேட்டாள்.

கிழவர் அவசரப்படவில்லை. "அபாயச் சங்கு ஊதினா, எங்க கப்பல்ல முதல்ல அடுப்பை அணைப்பாங்க. சண்டை நேரத்துல சமையக்காரனுக்குச் சமையல் இல்லை. அவன் அடித்தட்டுக்கு இறங்கிடணும். குண்டு அடுக்கி வெச்சிருக்கிற அறை, தண்ணி மட்டத்துக்கும் கீழ. அங்கேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்து, லிஃப்ட் மாதிரி இருக்கிற தூக்கியில வெச்சு மேல அனுப்புவான். அது வந்தாதான் நான் சுட முடியும். அன்னிக்கும் சங்கு ஊதிச்சு. கை மாவைத் துடைச்சுக்கிட்டே என்னைத் தாண்டி இறங்கிப் போனான். பார்த்தேன்."

"அப்புறம்?"

"அடி விழுந்துச்சு. கப்பல் ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சுடுச்சு. நாங்க சுட்டுக்கிட்டே இருந்தோம். எப்படிச் சுட்டோம்? கீழேர்ந்து குண்டு வந்துக்கிட்டே இருந்துச்சே! சாய்ஞ்ச பிறகும் வந்துச்சு. நிக்க முடியாம கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம், அப்பவும் வந்துச்சு." கிழவர் புகைப்படத்தை மடியில் வைத்துக்கொண்டார். "அப்புறம் வரலை. அதுக்கப்புறம்தான் எங்களைக் கடல்ல குதிக்கச் சொன்னாங்க."

அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை நிறுத்திவிட்டு மணியடித்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனிமேல் அவர் செத்துப்போனவர் மகன். அந்தப் பதிலோடு அப்பா நிமிர்ந்து உட்காருவார் என்று கண்ணாடிக்காரி எதிர்பார்த்தாள். அவரோ குனிந்து, கிழவரின் மடியிலிருந்த புகைப்படத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அப்ப அவருக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"இருபத்தாறா?" என்றார் அப்பா. "நம்ம பேரனைவிடச் சின்னவன். சின்னப் பையன்க்கா. நான் இத்தனை வருஷமா ஒரு சின்னப் பையன் மேலயா கோவிச்சுக்கிட்டிருந்தேன்?"

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிழவரின் காதுக்குப் பக்கத்தில் போனார். பெற்ற பிள்ளையை எங்கோ தூரத்தில் விட்டுவிட்டு வந்தவரைப்போலக் கேட்டார்.

"ஐயா, கீழ அவனோட யாராவது இருந்தாங்களா?"

"இருந்தாங்க. எல்லாம் அவன் வயசுப் பசங்க."

"தனியா இல்லையே?"

"இல்லை, இல்லை. கூட ஆள் இருந்துச்சு."

"சரி," என்றார் அப்பா. "அது போதும்." கண்ணாடியைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார்.