ஜெசிந்தா பெயரில் ஒரு சைரன்

எங்கள் வெள்ள எச்சரிக்கை மென்பொருளில் ஜெசிந்தா எழுதிய காப்பு நிரல் வரிகளை நீக்கிவிட்டு, அதே மென்பொருளுக்கு அவர் பெயரைச் சூட்டப் போகிறார்கள். இது அநியாயம். இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசவிடவில்லை. அதனால் அவரோடு வேலை செய்த உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வாரம் காலையில் தாம்பரம் மார்க்கெட்டில் நின்றிருந்தபோது அவர் கணவர் ஆரோக்கியம் போன் செய்தார். "சார், ஜெசி போய்ட்டா. தூக்கத்துலயே." நான் அனகாபுத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நிர்வாகத்தின் செய்தி வந்துவிட்டது: இந்த மழைக்காலத்துக்குள் வெளியாகும் வெள்ள எச்சரிக்கை மென்பொருளுக்கு இனி 'ஜெசிந்தா' என்று பெயர்.

சிறுசேரி ஆபீசில் நானும் ஜெசிந்தாவும் முதல் நாளே சண்டை போட்டவர்கள். ஏரிகளின் நீரளவைச் சென்சார்கள் எழுதிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கைப் பகுதி எல்லா ஏரிகளையும் சேர்த்துப் படித்து, ஆபத்து என்றால் சைரனை ஒலிக்கவிடும். எழுதும் சென்சாரும் படிக்கும் பகுதியும் மோதாமலிருக்க, ஒன்று முடிக்கும்வரை மற்றதை நிறுத்திவைக்கும் பூட்டுப் போட்டால் போதும் என்றேன். கல்லூரி வாசலை மிதிக்காமல் நானே படித்துக்கொண்ட தொழில் இது; பூட்டு என்னைக் கைவிட்டதில்லை. "பூட்டு மேல பூட்டு போட்டா, நீ வுடு நீ வுடுன்னு ரெண்டும் பார்த்துக்கினே நிக்கும் சார்" என்று சிரித்தார். அவர் கொண்டுவந்தது பரிவர்த்தனை நினைவகம் என்ற முறை. அதில் பூட்டே கிடையாது. படிக்கும்போது ஓர் அளவு மாறினாலும், படித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும்.

அதன் ஆபத்தையும் அவரேதான் கண்டார். கனமழை பெய்வதுபோல எல்லாச் சென்சார்களையும் ஒன்றாக வேகமாக ஓடவிட்டார். திரையில் ஏரிகள் நிரம்பி வழிந்தன. சைரன் வாய் திறக்கவில்லை. படித்து முடிப்பதற்குள் ஏதோ ஓர் ஏரி மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து.

"எர்ரர் எதுவும் வரலையே மேடம்?" என்றார் மேனேஜர்.

"அதான் சார் பயமா இருக்கு. தப்பா சொன்னாலாச்சும் தெரியும். இது ஒண்ணுமே சொல்லாது."

அதற்குத்தான் அந்தக் காப்பு வரிகள். படிப்பது சில முறை தோற்றால், எச்சரிக்கை படித்து முடிக்கும்வரை சென்சார்கள் காத்திருக்க வேண்டும். அதனால் திரையில் நீரளவு நின்று நின்று ஏறியது. மென்பொருளை வாங்கப்போகும் அரசு அதிகாரிகளுக்குக் காட்டும்போது அசிங்கமாக இருக்கும், எடுத்துவிடுங்கள் என்றார் மேனேஜர். "உங்க ஸ்கிரீன்ல அழகா ஏறும் சார். எங்க வூட்டாண்ட ஏறினாதான் பேஜார்" என்றார் ஜெசிந்தா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் ஆறு. அவர் இருந்தவரை அந்த வரிகளில் யாரும் கைவைக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் நீக்கிவிட்டார்கள்.

பூட்டு விஷயத்தில் நான் சொன்னதே சரி என்று இன்றும் சொல்வேன். ஆனால் அவருடைய பயம் இப்போது என்னிடம் இருக்கிறது.

மேனேஜர் அந்த வரிகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். சோதனைக் குழு எல்லாச் சென்சார்களையும் ஒன்றாக ஓடவிட்டு, சைரனைத் தன் காதால் கேட்க வேண்டும். அதுவரை நிர்வாகம் அவர் பெயரை எடுத்துவிட வேண்டும். வாங்கும் அதிகாரிகள் வெயில் நாளில் காட்டுவதைப் பார்த்துச் சம்மதிக்கக் கூடாது. ஆற்றோரத் தெருக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்: யாரும் சைரன் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். தெருவில் தண்ணீர் தெரிந்ததும் மாடிக்கு ஏறிவிட வேண்டும்.