கயிற்றடிப் புண்

பிற்பகல் நாலு பத்து. நேற்று சிம்மக்கல்லில் ஒரு கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய கறுப்பு அரைஞாண் கயிறுகளைப் பார்த்ததும் இந்த மணிதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்துக்குத்தான் என் மகன் பள்ளி வேனிலிருந்து இறங்கி, பையைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து, "குளுருதும்மா" என்றான். எங்கள் ஊர் பரவையில் புரட்டாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அப்போது அவனுக்கு எட்டு வயது. வீட்டை ஒட்டிய காலி மனையில், புதருக்குள் பந்து தேடுவதுதான் அவர்கள் கிரிக்கெட்டில் பாதி. வேர்வையில் நனைந்த கயிறு இடுப்பை அறுக்கும். மஞ்சளைக் குழைத்து அப்பிவிடுவேன். அந்த வாசனையே எனக்குத் தைரியம். வேதியியல் படித்தவள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

காய்ச்சல் இறங்கவில்லை. டெங்கு இல்லை என்றார்கள். மலேரியா, டைபாய்டு எதுவும் இல்லை. ஒவ்வோர் 'இல்லை'க்கும் முதலில் சாமிக்கு நன்றி சொன்னேன். பிறகுதான் உறைத்தது. பேர் தெரியாததற்கு என்ன மருந்து கொடுப்பார்கள்? காய்ச்சல் மயக்கத்தில் அவன் என்னைப் பார்த்து, "சித்தி, அம்மா எங்க?" என்று கேட்டான்.

தல்லாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு பெண் மருத்துவர் அவன் காதுமடல், அக்குள் என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். இடுப்புக்கு வந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"அது கயிறு அறுத்த புண்ணு டாக்டர். எப்பவும் வாரதுதான்."

"எல்லா அம்மாவும் இதத்தான் சொல்றீங்க."

ஈரப் பஞ்சால் மஞ்சளைத் துடைத்தார். அடியில், பீடி நெருப்பால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு.

"உண்ணிக் காய்ச்சல்ம்மா. எலி மேல, புதர்ல இருக்கிற குட்டிப் பூச்சி. துணி, கயிறு இறுக்குற எடமாப் பாத்துக் கடிக்கும். வலிக்காது."

என் கணவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நாங்க அம்புட்டுப் பேரும் தொட்டுட்டமே?"

"ஆள்ட்டருந்து ஆளுக்கு ஒட்டாது சார். தைரியமாத் தொடுங்க."

சாதாரண மாத்திரைதான், மறுநாளே காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. நான்தான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை இன்றும் விடவில்லை. "நான் என்ன இட்லிச் சட்டியாம்மா?" என்கிறான், மீசை அரும்பிய பயல்.

அந்தக் காலி மனை இப்போது இல்லை. சிமெண்டு போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். பந்து தேடும் கூச்சலும் போய்விட்டது. புதரை வழிப்பதற்கு முன்னால் ஒருநாள் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பொறி வைத்தார்கள். சிக்கிய எலியை மயக்கி, அதன் காதிலிருந்து பூச்சிகளை இடுக்கியால் எடுத்தபோது தெருவே கூடி நின்றது.

"மாப்ள, எலிக்குப் பேன் பாக்குறாங்கடா," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"புடிச்ச எலி எல்லாத்துலயும் உண்ணிக் காய்ச்சல் பூச்சி இருக்குக்கா. இந்தத் தெருவுல இதுக்கு முன்னாடி, என்ன காய்ச்சல்னே தெரியாம இறந்துபோன பிள்ளைங்க யாரும் உண்டா?"