ரிலீவ்டு என்றால் நிம்மதி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அப்பா என்மேல் கை வைத்ததே இல்லை. அதனால்தான் அந்த நாள் இன்னமும் அச்சடித்தது மாதிரி நினைவில் இருக்கிறது.

அப்போது ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்துக் கம்பெனியில் பர்சனெல் டிபார்ட்மெண்டில், ஆட்களைச் சேர்ப்பது அனுப்புவதைப் பார்க்கும் பிரிவில், கிளார்க் வேலை. ஆபீசுக்குப் புது மெஷின்கள் வந்தபோது பழையதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மா தன் பழைய புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்தாள். தெருவே வந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று. நான் ஆறாம் வகுப்பு, அதுவும் இங்கிலீஷ் மீடியம். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடிப்போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சுவிட்சைப் போட்டால் முதலில் நீல வானமும் மேகமும் வரும். அப்புறம் பச்சைத் திரையில் சின்னச் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். அன்று காலையில் வானமும் இல்லை, மேகமும் இல்லை. கறுப்புத் திரை, மேலே ஒரே ஒரு இங்கிலீஷ் வரி. அப்பா அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே வரி. நாலைந்து முறை ஆயிற்று. ஓசூர்க் குளிரில் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆபீசில் வைத்துச் செய்யக்கூடாது என்று மேனேஜர் சொல்லிக் கொடுத்த வேலை ஒன்று அதற்குள் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அவர் மேஜையில் வைத்தாக வேண்டும்.

"எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிடட்டுமா?" என்றாள் அம்மா.

"யாரை வேணா கூப்பிடு. அவரை மட்டும் கூப்பிடாத."

அப்பா சொன்னது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. எதிர்வீட்டு மாமா அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன். சாத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைத் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார். தெருவில் மிக்ஸி, மோட்டார், டிவி எது மக்கர் செய்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். அப்பாவோ அவரை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தும் ஒரு பையனைத் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிளில் கிளம்பிப் போனார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் ஆபீஸ்காரருக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அம்மா துணி துவைக்கப் போனதும் எதிர்வீட்டுக்கு ஓடினேன். அப்பா திரும்பி வரும்போது மேகம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம்.

மாமா அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனாலும் பயப்படவில்லை. "எங்க மெஷின்லயும் இதே மாதிரி கார்டு இருக்கும் தாயி, தூசி அடைஞ்சா மக்கர் பண்ணும்" என்று சொல்லிக்கொண்டே நாலு திருகாணியையும் கழற்றி வரிசையாக ஒரு தட்டில் வைத்தார். என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரைக் கேட்டு வாங்கி, உள்ளேயிருந்த கார்டின் பித்தளைப் பல்லையெல்லாம் பதமாகத் தேய்த்தார். மாட்டிப் போட்டால் பழையபடி அதே கறுப்பு.

"அதுல என்னதான் எழுதியிருக்கு, வாசி."

வாசித்தேன். சிஸ்டம் டிஸ்க் இல்லை, டிஸ்க்கில் தவறு, மாற்றிப் போடு என்று இருந்தது. டிஸ்க் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமா குனிந்து பெட்டியின் முகத்தைப் பார்த்தார். பிளாப்பி போடும் சந்தில் பொத்தான் துருத்திக்கொண்டிருந்தது. அதை அமுக்கினார். கறுப்புப் பிளாப்பி ஒன்று வெளியே நாக்கை நீட்டியது. முந்தின நாள் அப்பா எடுக்க மறந்தது. அதை உருவிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டதும் வானம் வந்தது, மேகம் வந்தது, படங்களெல்லாம் வந்து உட்கார்ந்தன. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"இதுக்குள்ள இருக்கிறது கெட்டுப்போச்சான்னு பாத்துரு. உங்கப்பா பதறுவாருல்ல."

பிளாப்பியைப் போட்டுத் திறந்தேன். ஒரே ஒரு பட்டியல், பதினொரு பெயர்கள். நான்காவது பெயர் மாமாவுடையது.

"மாமா, உங்க பேரு இருக்குது!"

"மேல என்ன போட்டிருக்கு?"

"லிஸ்ட் ஆஃப் ஒர்க்மென் டு பி ரிலீவ்டு." மாமா திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தார். புரியவில்லை போலிருக்கிறது என்று நானே விளக்கினேன். அந்த வார்த்தையை முந்தின வெள்ளிக்கிழமைதான் மிஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். "ரிலீவ்டுன்னா நிம்மதி மாமா. நிம்மதியா இருக்கப் போறவங்க லிஸ்ட்டு."

மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "ஆமா தாயி. நிம்மதிதான்" என்றார்.

பிறகு பிளாப்பியை எடுத்துத் தன் வேட்டியில் துடைத்து மேஜை மேல் வைத்தார். நாலு திருகாணியையும் ஒன்றுவிடாமல் முடுக்கினார். ஒன்று கீழே விழுந்து உருண்டது, தேடியெடுத்து அதையும் முடுக்கினார். ரப்பரை ஊதித் தூசி தட்டி என் கையில் கொடுத்தார்.

அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார், கிளாஸ் பையன் கிடைக்காமல் தனியாக. முதலில் திரையைப் பார்த்தார். பட்டியல் அதில் அப்படியே இருந்தது. அப்புறம் மாமாவைப் பார்த்தார். இடி விழுந்தவர் மாதிரி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"பிளாப்பிய உள்ளயே வச்சு மறந்துட்டீங்க சார். வேற கோளாறு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்கு வழி விட்டு ஒதுங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு மாமா போனார்.

நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அறை விழுந்தது. காதுக்குள் கொய்யென்று கேட்டது. அழக்கூடத் தோன்றவில்லை எனக்கு. அடித்த கையை அப்பா ஏதோ வேறொருவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு ஓடிவந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கம்ப்யூட்டரைக் கேட்காமல் தொட்டதற்குத்தான் அடி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அப்பா அந்தப் பிளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். எதிர்வீட்டு மாமாவும் போனார், எப்போதும் போல டிபன் தூக்கோடு. அந்த மாதம் முடிவதற்குள் மாமாவைக் கம்பெனி வேலையைவிட்டு நிறுத்தியது, அவர் வீட்டுச் சாமான்களை ஒரு டெம்போ ஏற்றிக்கொண்டு போயிற்று.

அதற்கு முன்பே, அந்தத் திங்கட்கிழமை, வகுப்பில் ரிலீவ்டு என்ற வார்த்தையை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார் மிஸ். எதிர்வீட்டு மாமா சீக்கிரமே ரிலீவ்டு ஆவார், அதனால் நாங்கள் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று இங்கிலீஷில் எழுதினேன். மிஸ் சிவப்பு மையில் டிக் போட்டு, பக்கத்தில் 'குட்' என்று எழுதியிருந்தார். அப்பாவின் கோபத்தைத் தணிக்க இதைவிட நல்ல வழி இருக்காது என்று, சாயங்காலம் நோட்டை அவரிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டேன்.

அப்பா அந்த ஒரு வரியை வாசித்து முடிக்க அவ்வளவு நேரம் ஏன் எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் புரியவில்லை. பிழை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.