மரியகுழந்தையின் குருத்தோலை

தங்கச் சுரங்கத்து ஊரிகம் லைன் வீடுகளில் மரியகுழந்தை போலச் சாமிக்குப் பயந்தவளும் இல்லை, சாமியாரை ஏமாற்றியவளும் இல்லை. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை, மறுவருஷம் சாம்பல் புதனுக்கு எரிக்கக் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் கொடுத்தோம். அவள் மட்டும் தொலைந்துவிட்டது என்று புளுகினாள். புருஷன் சின்னப்பன் தன் கையால் மடித்த அந்த ஓலைச் சிலுவையைச் சின்னத் துணிப்பையில் வைத்துத் தைத்து, அவன் அரைஞாணிலேயே கட்டிவிட்டாள்.

காரணம் இருந்தது. ஓலை மடியில் இருந்த ஒரு நாள் சுரங்கத்தில் பாறை சரிந்தது. பக்கத்தில் நின்றவன் செத்தான், சின்னப்பன் ஒரு கீறல் இல்லாமல் மேலே வந்தான். அதற்குப் பிறகு அது இல்லாமல் அவனை ஷிப்டுக்கு விடமாட்டாள்.

நான் பக்கத்து வீட்டுக்காரி, என் வாய் சும்மா இருக்குமா?

"ஏன்டி, அம்மன் கோயில் தாயத்தை அவுத்துப் போட்டுத்தானே ஞானஸ்நானம் வாங்கின? இது இன்னா, புதுத் தாயத்தா?"

"அது பேய்க்குக் கட்டினதுக்கா. இது ஆண்டவர்து" என்றாள்.

அந்தக் கோடையில் லைனுக்குள் வாந்திபேதி புகுந்தது. அவர்களுடைய ஒரே பிள்ளை அருளப்பன் கண் செருகிக் கிடந்தான். ஓலையோ ஒன்றுதான். சின்னப்பன் பையை அவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில், ஓலையை எடுத்துப் பிள்ளை கழுத்தில் கட்டினாள். பைக்குள் துடைப்பக்குச்சியை ஒடித்துக் குறுக்காக வைத்துத் தைத்துவிட்டாள். தெரிந்தால் மனுஷன் பயந்துகொண்டே இறங்குவானே என்றுதான். பெற்றவள், வேறு என்ன செய்வாள்?

பிள்ளை கண் விழித்தான். அன்றைக்கே சின்னப்பனைக் கோணியில் போட்டுத் தூக்கிவந்தார்கள். பாறைதான்.

"நானே எந்தலையில மண்ண வாரிப் போட்டுக்கினேனே!" என்று அவள் கதறியதை எல்லோரும் ஒப்பாரி என்றே நினைத்தோம். பிறகுதான் என்னிடம் சொன்னாள். சாமியாரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஓலைக்கு ஏதம்மா சக்தி, உன்மேல் பழி இல்லை என்றாராம்.

"அப்போ எம் புள்ளைய எது பொழைக்க வெச்சுது சாமி?"

"ஆண்டவர்."

"அவருக்கு ஒரே நாள்ல ரெண்டு பேரைப் பாத்துக்க முடியாதா?"

சாமியார் என்ன சொன்னாரோ, அவள் காதில் ஏறவில்லை. அன்று முதல் அவள் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கியதில்லை. கொலைகாரி நாக்கில் ஆண்டவரை வாங்கலாமா என்பாள். கல் பொறுக்கும் வேலைக்குப் போய்த்தான் பிள்ளையை வளர்த்தாள்.

சுரங்கத்துக்குக் கரண்டு வந்த வருஷம் அருளப்பனும் வேலைக்குச் சேர்ந்தான். முதல் நாள் அவனைக் கூட்டிப்போக, சின்னப்பனோடு வேலை செய்த தசரதன் வந்தான். மரியகுழந்தை அந்தப் பழைய ஓலையை மகன் அரைஞாணில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அன்னிக்கு மாத்திக் கட்டினது இதானே?" என்றான் தசரதன்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "உனக்கு யாருடா சொன்னது?"

"அண்ணன்தான். கேஜ் கூண்டுல குழிக்குள்ள எறங்கச்சொல்ல எப்பவும் பையை அமுக்கிப் பாக்கும். அன்னிக்கும் அமுக்கிப் பாத்துட்டு, 'டேய், இதுல துடைப்பக்குச்சிடா! ஓலைய புள்ளைக்குக் கட்டிட்டா. இது எனக்குத் தோணாம போச்சே'ன்னு சிரிச்சுது. உன்ன அழவைக்க வேணாம்னுதான் இத்தினி நாளா சொல்லாம இருந்துட்டேன்."

"தெரிஞ்சுமா எறங்கினாரு? கேஜை நிறுத்தச் சொல்லலியா?"

"இல்ல அண்ணி. 'சாயங்காலம் போய் அவள ஒரு மெரட்டு மெரட்றேன் பாரு'ன்னுச்சு."

மரியகுழந்தை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை வருஷமும் தன் பாவத்துக்கு அழுதவள், அன்றுதான் புருஷனுக்கு அழுதாள். ஷிப்டுக்குச் சங்கு ஊதியும் அவள் தசரதன் கையை விடவில்லை.

"சாயங்காலம் வர்றேன்னாரா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனும் ஒவ்வொரு தடவையும், "ஆமா அண்ணி, வர்றேன்னுதான் சொல்லிச்சு" என்றான்.