பேரம் பேசாத நாள்

திண்டுக்கல்லில் மைக் செட் சூசையை முகம் பார்த்து அறியாதவர்களுக்கும் அவர் குரலைத் தெரியும். திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளையின் தாயைக் கூப்பிட்டதும், கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு ஆட்களை அழைத்ததும் அந்தக் குரல்தான். படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோயிற்று. மதுரையில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வயர் சுற்றப் போனவர், பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குழாய் ஒலிபெருக்கியும் ஒரு ஆம்ப்ளிபயருமாக ஊருக்குத் திரும்பி வந்தார்.

"வீட்டுல உப்பு இருக்கான்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டாரு. கையில அந்த மைக்கைக் குடுத்துப் பாருங்க, ஊரையே வித்துருவாரு" என்பாள் அவர் மனைவி ஜெயமேரி.

சூசை கடை போட்டிருந்த தெருமுனையில்தான் கன்னிவாடிப் பஸ்ஸும் வத்தலக்குண்டுப் பஸ்ஸும் நிற்கும். காய்கறியும் பூவும் கொண்டுவந்து விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற விவசாயி வீட்டுப் பெண்கள்தான் அந்தத் தெருக் கடைகளுக்கு வாடிக்கை. அறுபத்தொன்றாம் வருஷம் பஸ் நிற்கும் இடத்தை மாற்றினார்கள். கூடைகள் வேறு பக்கம் போய்விட்டன. தெரு பட்டப்பகலில் கொட்டாவி விட்டது.

சூசையின் கடைக்கு எதிர்த்தாற்போல் நல்லுசாமியின் ஜவுளிக்கடை. அங்கே துணி பாதி, பேச்சு பாதி. ஒரு சேலை விற்க அரைமணி நேரம் ஆகும். ஆனால் வாங்கியவள் ஒரு வருஷத்துக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"ஏத்தா, நீ கேக்குற விலைக்கு நான் கட்டியிருக்கிற வேட்டியைத்தான் அவுத்துக் குடுக்கணும்."

"அதை எவ வாங்குவா? அது உங்க தாத்தா கட்டுன வேட்டி மாதிரியில்ல இருக்கு!"

கடை முழுக்கச் சிரிக்கும். நல்லுசாமிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

பஸ் இடம் மாறிய பிறகு ஒரு சாயங்காலம், யாரும் இல்லாத கடையில், அவர் சூசையிடம் மட்டும் சொன்னார்: "இப்படியே ஆடி வரைக்கும் போச்சுன்னா கடையை ஒழிச்சுட்டு, மதுரையில எவன் கடையிலயாச்சும் துணி மடிக்கப் போக வேண்டியதுதான் தம்பி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பில் சத்தம் இல்லை.

சூசைக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நல்லுசாமி அண்ணன் கடையை எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரையே அந்தத் தெருவுக்குக் கூட்டி வந்து எல்லாக் கடையிலும் வாங்க வைத்தால் என்ன? கடை கடையாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு கடையும் ஏதாவது ஒரு சாமானைக் கொஞ்சம் விலை குறைத்து வைப்பதாக ஏற்பாடு. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிவில் அறிவிக்கப் பங்குச் சாமியாரும் சம்மதித்தார். தெருவுக்குத் தோரணம், இரண்டு வேப்பமரத்திலும் குழாய். "வாங்கப்பா, ஊர் கூடட்டும், பாப்போம்" என்று நல்லுசாமியே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் பூசை முடிந்ததும் சனம் வந்தது. சூசை எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. முதலில் கடைப் பெயர்களையும் சாமான்களையும் ஒழுங்காகத்தான் சொன்னார். கூட்டம் நிமிர்ந்து நின்று கேட்கக் கேட்க அவருக்குள் ஏதோ ஏறிக்கொண்டது. தன் குரல் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வருவதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

"நம்ம நல்லுசாமி அண்ணனை எல்லாருக்கும் தெரியும். அவரு இன்னைக்குக் கடையை ஒழிச்சுட்டு மதுரைக்குத் துணி மடிக்கப் போற நெலமையில நிக்கிறாரு. பாவம்! அய்யாமாரே, தாய்மாரே, இன்னைக்கு ஒரு நாளாச்சும் பேரம் பேசாம வாங்குங்க. கேக்குற காசைக் குடுங்க. அவரு வீட்டு அடுப்பு எரியட்டும்!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஜவுளிக்கடைக்கு வரிசை நீண்டது. சூசை இசைத்தட்டை ஓடவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டார். தான் பேசிய பேச்சிலேயே நல்ல பேச்சு இதுதான் என்று தோன்றியது.

உச்சிவெயில் ஏறுவதற்குள் ஜவுளிக்கடையின் பலகைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சூசைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"நல்லுசாமி அண்ணே கடையில சரக்கு மொத்தமும் தீந்து போச்சு! எல்லாரும் கையைத் தட்டுங்க!"

தெரு கை தட்டியது. அதே வேகத்தில் பக்கவாசல் வழியாக உள்ளே போனவர் அப்படியே நின்றார். அலமாரிகள் நிறைய இருந்தன. நல்லுசாமி கீழே உட்கார்ந்து ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"சரக்குத் தீரலை, சூசை."

"பெறகு ஏண்ணே அடைச்சீக? அம்புட்டுக் கூட்டம் நின்னுச்சே!"

"நின்னாக. ஒருத்தராச்சும் ஒரு துணியைப் பிரிச்சுப் பாத்தாகளா? சாயம் போகுமான்னு கேட்டாகளா? 'ஏதாச்சும் ஒண்ணு குடுங்க'ன்னு காசை நீட்டுறாக. இன்னாசியம்மா வந்துச்சு. அந்த அம்மா இருபது வருசமா என்னையப் பேசிப் பேசி அழ வச்ச மனுசி. இன்னைக்கு இந்தத் துண்டுக்குக் காசைக் குடுத்துட்டு, 'இதை நீங்களே வச்சு வேற யாருக்காச்சும் வித்துக்கங்க அண்ணே'ன்னு சொல்லிட்டுப் போகுது."

சூசை அந்தத் துண்டையே பார்த்தார்.

"நான் உன்கிட்டச் சொன்னது உனக்கு" என்றார் நல்லுசாமி. "ஊருக்கு இல்லை."

மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். கோபப்பட்டிருந்தால் சூசை அவர் காலில் விழுந்திருப்பார். வெளியே கைதட்டல் ஓய்ந்து, பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். பாட்டு இழுத்துக்கொண்டே நின்றது.

அதற்கப்புறம்தான் வினை முழுசாகத் தெரிந்தது. மற்ற கடைகளுக்குக் கொஞ்சம் ஆள் வர ஆரம்பித்தது. ஜவுளிக்கடையில் மட்டும் யாரும் ஏறவில்லை. பாவப்பட்ட மனிதரிடம் எப்படி விலை பேசுவது? பேசாமல் எப்படி வாங்குவது? தெரிந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கடையைத் தாண்டிப் போனார்கள். சூசை எதிரே உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் போடுகிற பாட்டைக்கூடப் போடவில்லை. யாராவது தெருவில் "பாவம்" என்று எதற்குச் சொன்னாலும் அவருக்குக் காது சுட்டது.

கடைசியில் ஜெயமேரியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பண்றதையும் பண்ணிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டா ஆச்சா? நான் போறேன். நீங்க கிட்டத்துலயே வராதீக. வந்தா அதையும் உங்க தர்மமாக்கிருவீக."

மறுநாள் சந்தை. பழைய பழக்கத்தில் சில கன்னிவாடிப் பெண்கள் அந்த வழியாகத் திரும்பும் நேரம் பார்த்து ஜெயமேரி கடையேறினாள். சூசை கையில் வயர்ச் சுருளோடு தன் கடைவாசலில் நின்றார்.

"என்னண்ணே, பதினாலு ரூவாயா? சேலைக்கா, கடைக்கா?"

நல்லுசாமி நிமிரவில்லை. "வேணுங்கிறதைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போம்மா."

"எதுக்கு? நூலு நூலாத் தொங்குது, இதைக் கட்டிக்கிட்டு நான் கோயிலுக்குப் போனா மாதாவே மூஞ்சியைத் திருப்பிக்கும். ஒம்பது ரூவா. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது."

கூடைக்காரிகள் நின்றார்கள். நல்லுசாமி சேலையை மெதுவாக மடித்தார். "அந்த விலைக்குக் கட்டாதும்மா."

"கட்டாதுன்னா உள்ள வச்சுப் பூட்டுங்க. ஊர்ல இது ஒண்ணுதான் கடையா?"

இறங்கி நடந்தாள். ஒரு கடை தாண்டினாள், இரண்டு கடை தாண்டினாள். தெருமுனை வரப்போகிறது. நடையைக் குறைத்தாள், திரும்பவில்லை. கூப்பிடுங்க அண்ணே, ஒரு வார்த்தை கூப்பிடுங்க என்று சூசை மனசுக்குள் மன்றாடினார். வயர் கையை அறுத்தது.

"ஏத்தா! நில்லு! ஒம்பது ரூவாய்க்கு முந்தானை மட்டும் வரும், மிச்சத்துக்கு எங்கிட்டுப் போவ?"

கூடைக்காரிகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். "எனக்கும் ஒண்ணு காட்டுங்க. எனக்கு எட்டு ரூவாதான்."

சூசைக்குக் கண் நிறைந்துவிட்டது. படியிறங்கித் தெருவில் கால் வைத்தார். அந்த நேரம் நல்லுசாமி தலையைத் தூக்கினார். அவர் பார்வை சூசை மேல் வந்து, நிற்காமல், தாண்டிப் போயிற்று. சூசை காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

ஜெயமேரி சேலையோடு வந்தாள். "பதினொன்னே கால் வாங்கிட்டாரு. கொள்ளைக்காரரு!" என்றாள் சந்தோஷமாக.

"என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்னன்னு?"

ஜெயமேரி சொல்லலாமா என்று யோசித்தாள். "'தெருவே சத்தமில்லாம நல்லா இருக்கே, உன் புருசன் ஊர்ல இல்லையா'ன்னு கேட்டாரு."

எதிரே பேரம் நடந்துகொண்டிருந்தது. சூசை உள்ளே போய், தெருப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.