பிரிட்ஜ் செத்துப்போகவில்லை

கிளிநொச்சியை விட்டுத் தர்மபுரத்துக்கு இடம்பெயர்ந்த அன்று, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய அலுமாரியை இறக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் பிரிட்ஜை ஏற்றவைத்தவள் நான். "கரண்ட் இல்லாத இடத்தில இது என்னத்துக்கு?" என்று கணவர் கேட்டார். "நான் உயிரோட இருக்கிறதுக்கு" என்றேன். எனக்கு நீரிழிவு. தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். அந்த மருந்து கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த மருந்தும் வெயிலில் கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பது?

பக்கத்து வளவில் ஒரு கராஜ் இருந்தது. அங்கே மண்ணெண்ணெயில் ஒரு ஜெனரேற்றர் ஓடும். பகலில் நாலு மணித்தியாலம் எங்களுக்கு ஒரு வயர் இழுத்துத்தர கராஜ்காரர் சம்மதித்தார். அதற்குள் தண்ணீர்ப் போத்தல்கள் பாதியாவது உறைந்துவிடும். கதவைத் திறக்காமல் விட்டால் மறுநாள்வரை மருந்து தாங்கும்.

அறுவடை நெருங்க, கராஜில் உழவு இயந்திரங்கள் திருத்துகிற வேலை கூடியது. பிரிட்ஜ் ஓட மறுத்தது. 'டிக்' என்னும், சில விநாடி உறுமும், மறுபடி 'டிக்' என்று நின்றுவிடும். கராஜ்காரர் வந்து காதை வைத்துக் கேட்டார்.

"கொம்பிரசர் முடிஞ்சுது, ரீச்சர். எனக்குத் தாங்கோ, கழட்டிச் சாமானுக்கு எடுக்கிறன்."

கணவர் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தரமாட்டன்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை, நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் இல்லை. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு சத்தத்தையும் எழுதினேன். வேலிக்கு அப்பால் வெல்டிங் வெளிச்சம் அடிக்கிறபோதெல்லாம் உறுமல் இளைத்து 'டிக்' என்று நின்றது. இரண்டுக்கும் ஒரே ஜெனரேற்றர்; வெல்டிங் கரண்டை இழுக்க, பிரிட்ஜுக்குப் போதாமல் போகிறது. நின்ற பிறகு உள்ளே களகளவென்று ஏதோ ஓடியது. அது அடங்குமுன் மறுபடி போட்டால் ஓடாது என்பதும் பிடிபட்டது.

வேலியடிக்குப் போனேன். "அண்ணை, கால் மணித்தியாலம் வெல்டிங்கை நிப்பாட்டுங்கோ."

"பிள்ளையளுக்குப் படிப்பியுங்கோ ரீச்சர், எனக்கு வேண்டாம்."

"நீங்கள் நிப்பாட்டுமட்டும் நான் இந்த வேலியை விட்டு அசையமாட்டன்."

வேலை செய்த பொடியள் சிரித்தார்கள். அவர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு என் பின்னால் வந்தார். நான் பிளக்கைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தேன். "இப்ப போடுங்கோவன்" என்று அவசரப்படுத்தினார். "பொறுங்கோ" என்றேன். களகளப்பு முழுதாக ஓய்ந்த பிறகே பிளக்கைச் செருகினேன். ஒரு 'டிக்'. பிறகு நிற்காத, சீரான உறுமல். கொப்பியில் நேரத்தைக் குறித்தேன்.

"தற்செயலா ஓடியிருக்கு" என்றார் அவர்.

தன் பிழையை அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிரிட்ஜ் ஓடுகிற நேரத்தில் பெரிய வெல்டிங் எதையும் அவர் தொடங்கவில்லை. அவசர வேலை வந்தால் வேலிக்கு மேலால் கூப்பிடுவார்: "ரீச்சர், பத்து நிமிசம் பிரிட்ஜை நிப்பாட்டுங்கோ!"

"அஞ்சு நிமிசம்தான்!" என்று நான் திருப்பிக் கத்துவேன்.