கிணற்றுக்குள் இறக்கிய இஞ்சின்

நான் பிறந்தது எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். அங்கே ஈரம் என்பது பெரிய தொல்லை. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவோம். தீப்பெட்டி நமத்துப் போகாமலிருக்க அம்மா அதை அரிசித் தகரத்துக்குள் வைப்பாள். கலியாணமாகி, வஹகோட்டைக்கு அப்பால் இருக்கும் இந்தக் காணிக்கு வந்தபோது எனக்கு முதலில் பிடித்ததே இங்கத்தைய வெயில்தான். காலையில் துவைத்த சேலை மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். அதே வெயிலைப் பார்த்துப் பயப்படுவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இரண்டு ஏக்கர் காணி. மழையை நம்பிய பெரும்போகத்தில் சோளமும் மிளகாயும், கிணற்றை நம்பிய சிறுபோகத்தில் பெரிய வெங்காயம். கிணறு சரியாக எல்லை வேலியில் இருந்தது. பாதி எங்கள் பக்கம், பாதி பக்கத்துக் காணிக்காரர் பக்கம். வாய் அகலமான விவசாயக் கிணறு. உள்ளே பாதி ஆழத்தில் ஒரு ஆள் நின்று திரும்பக்கூடிய அளவுக்கு ஒரு திட்டு உண்டு. பக்கத்துக் காணிக்காரர் சிங்களவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வஹகோட்டைத் தேவாலயத்துக்குப் போகிறவர். என் கணவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என்னை ‘நங்கி’ என்று தங்கச்சியைக் கூப்பிடுவதுபோலவும், என் கணவரை ‘மல்லி’ என்று தம்பியைக் கூப்பிடுவதுபோலவும் கூப்பிடுவார். நாங்கள் அவரை ‘அய்யே’ என்போம், அவர்கள் பாஷையில் அண்ணன். காலையில் அவர் தண்ணீர் இறைப்பார், மத்தியானத்துக்கு மேல் நாங்கள். இதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் இருந்த காலத்தில் அதெல்லாம் தேவைப்படவும் இல்லை.

தைப்பொங்கல் கழிந்த வாரம் என் கணவர் அலவாங்கை, கடப்பாரையை, எடுத்துக்கொண்டு போய் வெங்காயம் போடப்போகும் நிலத்தில் குத்திப் பார்ப்பார். நான் வந்த புதிதில் அந்த இரும்பு முழங்கை ஆழத்துக்கு இறங்கும். பிடுங்கினால் நுனியில் கறுத்த மண் ஒட்டிக்கொண்டு வரும். அதை விரலால் வழித்து முகர்ந்து பார்த்து, “இந்த வருசம் தாங்கும்” என்பார். பிறகு பிறகு அது ஒரு சாண் ஆழத்துக்குத்தான் போனது. கடைசி மூன்று வருசமாக நாலு விரல். அதற்குக் கீழே டங்கென்று சத்தம் கேட்கும். ஒரே வருசத்தில் இப்படி ஆகியிருந்தால் ஊரே பயந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஆனதால் ஒவ்வொரு வருசமும் அந்த வருசத்துக்கு மட்டும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

மழை பெய்யாமல் இல்லை. முன்பு ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்காகத் தூறிக்கொண்டே இருக்கும். இப்போது மாதக் கணக்கில் மூடிக்கிடக்கும் வானம், திடீரென்று இரண்டு நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போகிறது. தண்ணீர் வயலின் மேலாக ஓடி, ரோட்டில் விழுந்து, ரோட்டோரக் கானில் வடிந்து போய்விடும். ஒருமுறை விவசாயப் போதனாசிரியர் வந்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். அது உருண்டையாகவில்லை, மாவாகக் கொட்டியது. “தண்ணி வருது அம்மா. மண்ணு புடிச்சு வச்சுக்க மாட்டேங்குது. வைக்கோல் போட்டு மூடுங்க, ஒரு போகம் சும்மா விடுங்க” என்றார். வைக்கோல் போட்டோம். போகத்தைச் சும்மா விட என் கணவருக்கு மனம் வரவில்லை.

அதற்கடுத்த சிறுபோகத்தில்தான் அய்யே கரண்ட் மோட்டர் வாங்கினார். தண்ணீருக்குள்ளேயே கிடந்து உறிஞ்சும் வகை. எங்களுடையது கரைமேல் வைத்து இயக்கும் மண்ணெண்ணெய் இஞ்சின். தண்ணீர் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் அதனால் இழுக்க முடியாது, வெறுமனே இருமும். காலையில் அவர் இறைத்து முடிக்கும்போது எங்கள் குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே தொங்கும். சாயங்காலம் வரை ஊறும் தண்ணீர் நாலு பாத்திக்குப் போதாது.

ஒரு நாள் என் கணவர் வேலிக்குப் போய் நின்றார்.

“அய்யே, ஒம்பது மணிக்கு நிப்பாட்டுங்க. எங்களுக்கும் கொஞ்சம் இருக்கணும்.”

“நான் என் நேரத்துலதானே எறைக்கிறேன், மல்லி.”

“நேரம் ஒங்களுதுதான். தண்ணி ரெண்டு பேருக்கும்தானே?”

“இந்தக் கெணறு எங்க தாத்தா தோண்டினது. ஒங்க ஆளுங்க பொறகுதானே வந்தாங்க.”

என் கணவர் வேலியை விட்டுத் திரும்பி வந்தார். முகம் மட்டும் சாம்பல் பூத்தது மாதிரி ஆகிவிட்டது. தமிழர்கள் பிறகு வந்தவர்கள் என்ற அந்தப் பேச்சைத் தோட்டத்திலும் டவுனிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இருபது வருசமாக எங்கள் வீட்டுப் பொங்கலைத் தின்ற வாயிலிருந்து அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு மாதம் வேலை செய்தார்கள். எனக்கு அந்த அமைதிதான் தாங்கவில்லை. அவர் மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்டால் என் கணவர் பல்லைக் கடிப்பது தெரியும்.

வெங்காயம் காய் பிடிக்கிற சமயம். தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியது. அன்று மத்தியானம் என் கணவர் கயிற்றைக் கட்டி இஞ்சினைக் கிணற்றுக்குள் திட்டில் இறக்கினார். நான் கரையில் நின்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன்.

“ஏங்க, உள்ள பொக நிக்குமே.”

“வாய் அகலமா இருக்குல்ல, போயிரும். ஸ்டார்ட் பண்ணிட்டு ஏறிருவேன்.”

அப்படியே செய்தார். இஞ்சின் ஓடியது, தண்ணீர் வந்தது. வாய்க்காலில் அது ஓடுவதைப் பார்த்து நான் கூட ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன். மண்வெட்டியால் மடை மாற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெலிந்தது. “குழாய் வெலகிருச்சு போல” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி இறங்கினார். காற்றே இல்லாத நாள். வேலியோரத்து முருங்கையில் ஒரு இலைகூட ஆடவில்லை.

இரண்டு பாத்திக்கு மடை திருப்பியிருப்பேன். அவர் ஏறி வரவில்லை. போய் எட்டிப் பார்த்தேன். திட்டில் இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். களைப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கூப்பிட்டேன். இரண்டாம் தடவை கத்தினேன். தலை மெதுவாக ஒரு பக்கம் சரிந்தது. ஒரு கால் திட்டுக்கு வெளியே தொங்கியது. இன்னும் கொஞ்சம் சரிந்தால் தண்ணீருக்குள் விழுவார்.

கம்பி ஏணியில் காலை வைத்துவிட்டேன். இரண்டு படி இறங்கியிருப்பேன், பின்னாலிருந்து யாரோ என் முடியோடு சேர்த்துச் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தார்கள். அய்யே.

“நங்கி, எறங்காதே! உள்ள வெசப் பொக, எறங்கினா நீயும் போயிருவே!”

“விடுங்க! அவர் விழப்போறாரு!”

“சொவத்துல சாஞ்சிருக்கான். விழமாட்டான். இரு!”

என்னைத் தரையில் தள்ளிவிட்டு அவர் ஓடினார், கிணற்றுப் பக்கமல்ல, தன் வீட்டுப் பக்கம். எங்களை விட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அங்கே சுவிட்சைப் போட்டிருக்கிறார், அடுத்த கணம் அவருடைய மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி ஓடிவந்தவர் தன் வயலுக்குப் போகும் தடித்த குழாயை இழுத்துவந்து கிணற்றுக்குள் திருப்பினார். தண்ணீர் முழு வேகத்தில் இஞ்சின்மேல் விழுந்தது. இஞ்சின் இரண்டு தடவை விக்கி நின்றது. அவர் குழாயை விடவில்லை. சுவரெல்லாம் அடித்து, காற்றைக் கலக்கிக்கொண்டே இருந்தார். என் கணவர் முகத்திலும் தண்ணீர் விழுந்தது. அவர் அசையவில்லை.

என் கத்தலைக் கேட்டு ரோட்டில் போன த்ரீவீலர்க்காரர் ஒருவரும் அவருடைய பயணியும் ஓடிவந்தார்கள். அய்யே த்ரீவீலரில் கிடந்த கயிறொன்றைத் தன் இடுப்பில் கட்டி, நுனியை முருங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் கையில் கொடுத்தார்.

“இப்ப போங்க அய்யே, போங்க!”

“இன்னும் கொஞ்சம் பொக போகட்டும்.”

அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவரைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. பிறகு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கினார். முதல் தடவை என் கணவரின் தோளைப் பிடித்துத் திட்டின் உள்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு உடனே ஏறிவந்தார். கரையில் குப்புற விழுந்து இருமினார். உதடு வெளுத்திருந்தது. மறுபடி மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார். இஞ்சினை இறக்கிய கயிற்றை என் கணவரின் கக்கத்துக்குக் கீழே போட்டு முடிந்தார். அவர் கையை உயர்த்தியதும் நாங்கள் மூன்று பேரும் இழுத்தோம். என் கணவரின் கனம் இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

மூச்சு இருந்தது. முகம் வெயிலில் அலைந்தவர் முகம் மாதிரிச் சிவந்திருந்தது. த்ரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அய்யேவையும் டாக்டர் படுக்க வைத்து ஒட்சிசன் கொடுத்தார். இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நான் நின்றேன். கிணற்றடியில் அவரை நான் திட்டிய வார்த்தைகள் ஒவ்வொன்றும் அப்போதுதான் எனக்கே கேட்டன.

“அய்யே, நான் ஓடிப்போறீங்கன்னு நெனச்சேன்.”

“தெரியும்” என்றார், முகமூடிக்குள்ளிருந்து.

என் கணவர் அன்று சாயங்காலம் கண் விழித்தார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். தலைவலி மட்டும் பல வாரம் விடவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். அந்த நாளைப் பற்றி அவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. இஞ்சினை இறக்கியதும் இல்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை. ஆனால் வேலியடியில் நடந்த சண்டை, சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருந்தது.

“யாரு என்னையத் தூக்கினது?” என்று கேட்டார். சொன்னேன். நம்பாதவர்போல என்னைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவர் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு, செஞ்சது ஞாபகம் இல்லையா?”

“ஞாபகம் இல்லாததுக்கு நான் என்ன செய்ய?” என்றார். “அவரப் பாத்தா அந்தப் பேச்சுதான் காதுல கேக்குது. நீ சொல்றது யாரோ ஒருத்தர் கதை மாதிரி இருக்கு.”

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

வெங்காயத்துக்கு நான் தண்ணீர் விடவில்லை. ஒருத்தியாக அந்தக் கிணற்றடிக்குப் போகக் கால் வரவில்லை. தாள் படுத்து, காய்ந்து, கோலிக்குண்டளவு காயோடு நின்றுபோனது. பிறகு ஒரு நாள் மழை கொட்டியது. ஒரே நாள். முற்றத்திலிருந்து பார்த்தேன். இறுகிப்போன பாத்திகள்மேல் தண்ணீர் சிவப்பாக வழுக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. மறுநாள் மண்வெட்டியால் கொத்தினேன். இரண்டு விரலுக்குக் கீழே புழுதி.

அடுத்த சிறுபோகத்துக்கு முன் அய்யே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றுகொண்டே பேசினார். இந்த முறை அவர் வெங்காயம் போடப்போவதில்லை, கௌபிப் பயறும் எள்ளும்தான், அதற்கு மோட்டர் அவ்வளவாகத் தேவையில்லை, எங்களுக்கு வேண்டுமானால் அதிலிருந்து ஒரு குழாய் இழுத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னார். என் கணவர் உள்ளே கதிரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அய்யே திரும்பி நடந்தபோது என் கணவர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

“அந்தக் கெணறு ஒங்க தாத்தா தோண்டினதுதான்” என்றார் உரக்க.

அய்யே நின்றார். மறுபடி தொடங்கப்போகிறது என்று நினைத்தேன்.

அய்யே திரும்பிப் பார்க்காமல், “அத நான் சொல்லியிருக்கக் கூடாது, மல்லி” என்றார்.

என் கணவர் வாசலை விட்டு முற்றத்தில் இறங்கினார். பிறகு, “எந்த எள்ளு போடுறீங்க?” என்று கேட்டார். விதையைப் பற்றி இரண்டு மூன்று வார்த்தை பேசினார்கள். வாங்க என்று இவர் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. அந்த வருசம் இரண்டு காணியிலும் எள்ளு நின்றது.